பெட்டி வைப்பதா, குழு அமைப்பதா, போனஸில் சேர்ப்பதா? ஆலையில் பசுமை யோசனைகளை வரவழைக்க எந்த வழி?

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் நடுத்தர அளவில் ஆலை நடத்துகிறவர்களும் அங்கே ஹெச்ஆர் பார்க்கிறவர்களும் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். துணி வாங்கும் நிறுவனங்கள் நடத்தும் பையர் ஆடிட்டில் தண்ணீர், மின்சாரம், கழிவு என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிறார்கள். கூடவே, இதில் தொழிலாளர்களை எப்படி ஈடுபடுத்துகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். பதில் எழுத ஏதாவது செய்தாக வேண்டும். யோசனைப் பெட்டி வைக்கலாமா, பசுமைக் குழு அமைக்கலாமா, மேனேஜர்களின் போனஸில் சேர்த்துவிடலாமா, இல்லை, தனியாக ஓர் ஆளைப் போட்டு அவர் தலையில் கட்டிவிடலாமா?

ஆடிட் படிவத்தை நிரப்புவது மட்டும்தான் நோக்கம் என்றால் எதைச் செய்தாலும் போதும். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நாலு மரக்கன்று நட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். கரண்ட் பில்லும் தண்ணீர்க் கணக்கும் நிஜமாகவே இறங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யோசனை இல்லாத ஆலை என்று ஒன்று கிடையாது. நைட் ஷிஃப்ட் ஃபிட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால், காற்று எந்தெந்த பைப்பில் ஒழுகுகிறது, எந்த மோட்டார் சும்மா ஓடுகிறது, எந்த வால்வு முழுதாக மூடுவதில்லை என்று பட்டியலே வரும். அவர் அதை மேலே சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த யோசனையைச் செயல்படுத்தினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் வரும், பெரும்பாலும் சொன்னவருக்கே வரும்.

சாயப்பட்டறையையே எடுத்துக்கொள்வோம். ரியாக்டிவ் சாயம் ஏற்றிய துணியைப் பல தடவை அலச வேண்டும். கடைசி அலசலில் வெளியேறும் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும், அதைப் பிடித்து வைத்து அடுத்த லாட்டின் (ஒரே தடவையில் மெஷினில் போடும் துணியின்) முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாமே என்று மெஷின் ஆபரேட்டருக்குத் தோன்றாமல் இருக்காது. வேறு ஊரில் இது சின்ன யோசனை. திருப்பூரில் அப்படியில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட நொய்யல் ஆற்றில் விடக் கூடாது என்பதுதான் இங்கே தொழில் நடத்துவதற்கான நிபந்தனை. பயன்படுத்திய தண்ணீர் முழுக்க சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்ஓ வடிகட்டி வழியாக வந்து, மிச்சமிருக்கும் உப்பு நீர் எவாப்பரேட்டரில் நீராவி செலவழித்து வற்ற வேண்டும். ஆக, ஒரு லிட்டர் குறைந்தால் அந்த லிட்டரின் விலையோடு, அதைச் சுத்தம் செய்யும் செலவும் வற்றவைக்கும் விறகோ கரியோ எல்லாமும் சேர்ந்து குறையும்.

இவ்வளவு லாபமான யோசனையை ஏன் சொல்வதில்லை? அடுத்த லாட் வெளிர் ஷேடாக இருந்து கலர் கொஞ்சம் மாறினால் ரீபிராசஸ், அதாவது மறுபடியும் சாயம் போட வேண்டும். அன்றைய ஷிஃப்டில் ஒரு லாட் குறையும், புரொடக்‌ஷன் இன்சென்டிவ் போகும், டையிங் மாஸ்டரிடம் பேச்சு வாங்குவதும் அந்த ஆபரேட்டர்தான். மிச்சப்பட்ட காசு மட்டும் கம்பெனிக்கு. இந்தக் கணக்கு ஆபரேட்டருக்கு நன்றாகவே தெரியும். முதலாளியோ, நம்ம ஆட்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை என்பார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே வரும் வழிகளை எடைபோட்டிருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பரிசுத் தொகை எவ்வளவு என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில், உங்கள் ஆலையில் விரயம் யார் கண்ணில் படுகிறது? மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கா, மெயின்டனன்ஸ் ஆட்களுக்கா, ஆர்டர் எடுக்கும் மெர்ச்சன்டைசருக்கா? கடைசி நிமிடத்தில் ஷேடு மாற்றச் சொல்லும் ஆர்டரால் போகும் தண்ணீரை எந்த ஆபரேட்டரும் மிச்சப்படுத்த முடியாது.

அடுத்தது, சொன்ன யோசனைக்கு எத்தனை நாளில் பதில் வரும், சரி என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? 2,000 ரூபாய் செலவுக்கும் எம்.டி. கையெழுத்து வேண்டும் என்றால் எந்தத் திட்டமும் ஓடாது.

அப்புறம், அளக்க மீட்டர் இருக்கிறதா? மொத்த ஆலைக்கும் ஒரே ஈ.பி. மீட்டர், போர்வெல்லுக்கு மீட்டரே இல்லை என்ற நிலையில் யார் எவ்வளவு மிச்சப்படுத்தினார்கள் என்று பேசுவதே சண்டைக்கு வழி.

வெளியே தெரியாத செலவையும் பார்க்க வேண்டும். சூப்பர்வைசரின் நேரம், சோதனை ஓட்டத்தில் கெட்டுப்போகும் துணி, கூட்டத்துக்காக நிற்கும் மெஷின் எல்லாம் இதில் வரும். முன்னெடுத்தவர் வேலையை விட்டுப் போனாலும் இது நடக்குமா என்பதும் முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாக, யோசனை பலித்தால் யாருக்கு என்ன நஷ்டம், அதை யார் ஈடுகட்டுவது?

## வழி 1: பரிசுடன் யோசனைத் திட்டம்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். டொயோட்டா 1951-லேயே தொழிலாளர் யோசனைத் திட்டத்தை ஆரம்பித்தது. நம் பக்கத்திலும் புதிதல்ல. டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியபோது, கடைசித் தொழிலாளி வரை எல்லோரையும் ஈடுபடுத்திய முறையும் சேர்ந்துதான் பேசப்பட்டது.

இதில் இரண்டு வகை உண்டு, கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜப்பானிய வகையில் பரிசு சின்னது, யோசனைகள் ஏராளம், பதில் சீக்கிரம். இன்னொன்று, மிச்சப்பட்ட தொகையில் இத்தனை சதவிகிதம் என்று கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கும் இரண்டாவது வகைதான் வம்பு. மிச்சம் எவ்வளவு என்று யார் கணக்குப் போடுவது? முதலில் சொன்னது ஃபிட்டரா ஹெல்பரா? போன வருடமே நான் வாயால் சொன்னேனே, அப்போது ஏன் எழுதவில்லை? பெரிய தொகை என்று ஆனதும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மெருகேற்றித் தருவது நின்றுபோகும், எல்லோரும் தன் யோசனையைப் பொத்தி வைத்துக்கொள்வார்கள். நடுத்தர ஆலைக்கு முதல் வகைதான் சரி.

சின்ன யோசனை என்றால் சின்ன மிச்சம் என்று நினைக்க வேண்டாம். 7 பார் அழுத்தத்தில் ஓடும் கம்ப்ரஸர் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரம் காற்றோடு போகிறது. நாள் முழுக்க, வருடத்தில் 300 நாள் ஓடும் ஆலையில் அது 21,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,72,800 ரூபாய். சரிசெய்ய ஒரு கிளாம்ப்போ ஒரு ஹோஸோ போதும். அந்த உஸ் சத்தத்தைத் தினமும் கேட்பவர் மெஷின் பக்கத்தில் நிற்பவர்தான்.

மறைந்திருக்கும் செலவு, யோசனைகளைப் படித்துப் பதில் சொல்லும் வேலை. முதல் மாதம் பெட்டி நிரம்பிவிடும். அதில் பாதி கேன்டீன் சாப்பாடு பற்றியும் பாத்ரூம் பற்றியும் இருக்கும், அதற்கும் மரியாதையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது ஒரு பரீட்சை. இவர்கள் படிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். பதில் வராவிட்டால் மூன்றாவது மாதம் பெட்டியில் மிட்டாய்த் தாள்தான் இருக்கும்.

மொழி இன்னொரு சிக்கல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பாதிப்பேர் நிற்கும் தளத்தில் தமிழில் படிவம் அடித்து வைத்தால் யார் எழுதுவார்கள்? தமிழ்க்காரர்களிலேயே எழுதக் கூச்சப்படுபவர்கள் நிறைய. வாட்ஸ்அப்பில் அவரவர் மொழியில் ஒரு குரல் பதிவு, கூட ஒரு போட்டோ. இதற்குச் செலவு எதுவும் இல்லை, படிவத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

சூப்பர்வைசரின் மனநிலையையும் கவனியுங்கள். தன் செக்‌ஷனில் இருந்து யோசனை போனால், இத்தனை நாள் நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்களோ என்று அவருக்குப் பயம். ஆகவே யோசனை அவர் கையைத் தாண்டாது. செக்‌ஷனிலிருந்து எத்தனை நல்ல யோசனை வந்தது என்பதை அவருக்கும் பெருமையாகச் சேர்த்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

பொருந்தும் இடம்: ஆட்கள் அதிகம், விரயம் கண்ணுக்குத் தெரிகிறது, சரிசெய்ய அதிகப் பணம் வேண்டாம். கார்மென்ட் தையல், பேக்கிங், ஃபவுண்டரி தளம். பொருந்தாத இடம்: மூன்று டிபார்ட்மென்ட் சேர்ந்து மாற்ற வேண்டிய விஷயங்கள்.

## வழி 2: பசுமைக் குழு

மூன்று டிபார்ட்மென்ட் விஷயம் என்றால் இதுதான். தரவட்டம் என்ற ஏற்பாடு 1980-களின் தொடக்கத்தில் ஐதராபாத் பெல் (BHEL) ஆலையில் ஆரம்பித்து இந்தியா முழுக்கப் பரவியது. வாரம் ஒரு முறை எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரே பிரச்சினையை முடியும்வரை பார்ப்பார்கள். அதையே தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் திருப்பினால் பசுமைக் குழு.

வெளிநாட்டில் இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தரைவிரிப்பு ஓடுகள் தயாரிக்கும் இன்டர்ஃபேஸ். அதன் நிறுவனர் ரே ஆண்டர்சன் 1994-இல் கம்பெனியின் போக்கையே மாற்ற முடிவெடுத்தார், பிறகு 2020-க்குள் சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லாத நிலைக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முதலாளியின் பேச்சு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் தளத்தில் கழிவைக் குறைத்தது தொழிலாளர்களைக் கொண்ட குழுக்கள்தான். கழிவு என்றால் குப்பை மட்டும் இல்லை, வாடிக்கையாளருக்குப் பயன் தராத எந்தச் செலவும் கழிவுதான் என்று அவர்கள் அகலமாக வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம். தப்பாக அடித்த பில்கூட அதில் வந்துவிடும்.

சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர், பாய்லர் ஆபரேட்டர், சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்ப்பவர் மூவரும் ஒரே மேசையில் உட்காருவதே அபூர்வம். துணியில் சாயம் ஏறுவதற்காகப் போடும் உப்பை மாஸ்டர் ஒரு பிடி கூடப் போட்டால் எவாப்பரேட்டர் எவ்வளவு நேரம் கூட ஓட வேண்டும் என்பது மாஸ்டருக்குத் தெரியாது. சுத்திகரிப்புப் பக்கத்து ஆளுக்கு ஏன் இன்று டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, ஏறியது என்று புரியாது. மூவரையும் உட்காரவைத்த முதல் கூட்டமே பாதிப் பலன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? எட்டுப் பேர், வாரம் ஒரு மணி நேரம், வருடத்துக்கு 416 மணி நேரம். இதை ஷிஃப்ட் நேரத்தில் வைத்தால் மெஷின் நிற்கும், ஷிஃப்ட் முடிந்து வைத்தால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் ஆர்வத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? கம்பெனி வேன் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும், அதை விட்டால் பெண்கள் வீட்டுக்குப் போக வழியில்லை. ஆகவே குழுவில் ஆபீஸ் ஆட்கள் மட்டும் மிஞ்சுவார்கள், குழு மெதுவாக மரக்கன்று நடும் சங்கமாக மாறும். இப்படி மாறிப்போன குழுக்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம், டி-ஷர்ட் மட்டும் நன்றாக இருக்கும்.

## வழி 3: மேனேஜர் போனஸில் இலக்கைச் சேர்ப்பது

இன்டெல் 2008-இல் ஊழியர்களின் மாறுபடும் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியைச் சுற்றுச்சூழல் இலக்குகளோடு இணைத்தது. இங்கேயும் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23-லிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கிய பிறகு, பெரிய கம்பெனிகளில் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. காசோடு இணைத்தால் கவனம் வரும், அதில் சந்தேகமே இல்லை. எதன்மேல் கவனம் வரும் என்பதுதான் கேள்வி.

கிலோ துணிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று இலக்கு வைக்கிறீர்கள். இந்த வருடம் கறுப்பு, நேவி என்று அடர் ஷேடு ஆர்டராகவே வந்தது, அலசல் அதிகம், இலக்கு தவறிவிட்டது. மேனேஜர் என்ன தப்பு செய்தார்? மொத்தத் தண்ணீருக்கு இலக்கு வைத்தால், ஆர்டர் விழுந்த வருடம் ஒன்றுமே செய்யாமல் போனஸ் கிடைக்கும். பாதி லோடில் ஓடும் பாய்லர், கம்ப்ரஸர் எல்லாம் கிலோவுக்கு அதிகம்தான் தின்னும். ஷேடு வாரியாக, லோடு வாரியாகப் பிரித்து அளக்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த வழியில் இறங்கினால் வருடக் கடைசியில் வாக்குவாதம் மட்டுமே மிஞ்சும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்கும் பிராசஸை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துவிட்டால் உங்கள் கணக்கில் தண்ணீர் மாயமாகிவிடும். நொய்யலுக்கு ஒரு சொட்டு நன்மையும் இல்லை, அங்கே யார் எப்படி விடுகிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது, ஆனால் இலக்கு எட்டியாயிற்று, போனஸும் வந்தாயிற்று. வெளியே கொடுத்த வேலையின் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிடுவோம் என்று முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் இது நடந்தே தீரும்.

இன்னொன்று, இந்த வழி புது யோசனைகளை வரவழைப்பது குறைவு. போனஸ் ஆபத்தில் இருக்கும்போது யாரும் புதிதாக ஒன்றை முயன்று பார்க்க மாட்டார்கள், நிச்சயமான பழைய வழியில்தான் போவார்கள். தெரிந்த நல்ல பழக்கங்களைக் கறாராகக் கடைப்பிடிக்க வைப்பதற்கு இது நல்லது, அவ்வளவுதான்.

## வழி 4: போட்டியும் ஒதுக்கிய பணமும்

நம் ஊரில் அதிகம் பேசப்படாத வழி, எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். அமெரிக்காவில் டவ் கெமிக்கலின் லூசியானா பிரிவில் கென் நெல்சன் என்ற அதிகாரி 1980-களின் தொடக்கத்தில் ஒரு போட்டி ஆரம்பித்தார். மின்சாரத்தையோ கழிவையோ குறைக்கும் திட்டங்களை ஊழியர்களே கொண்டுவர வேண்டும், போட்ட பணம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். 1982-இல் 27 திட்டங்கள் தேறின, போட்ட முதலுக்குச் சராசரி 173 சதவிகித வருமானம். இனி என்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று நினைத்தார்கள். அடுத்த வருடம் 32 திட்டங்கள், சராசரி வருமானம் அதைவிட அதிகம். பன்னிரண்டு வருடத்தில் 900-ஐ நெருங்கும் எண்ணிக்கை. பின்னால் தணிக்கை செய்து பார்த்த திட்டங்களின் சராசரி வருமானமும் 200 சதவிகிதத்துக்கு மேலேயே இருந்தது. வென்றவர்களுக்குப் பெரிய பணமுடிப்பு எதுவும் கிடையாது, மேலதிகாரி கையால் ஒரு பாராட்டுப் பலகை.

பணப் பரிசு இல்லாமல் ஏன் ஓடியது? என் புரிதலில், பொறியாளருக்குத் தன் திட்டம் நிறைவேறுவதே பரிசு. வருடக்கணக்காக மேனேஜ்மென்ட் ஒதுக்கிவைத்த திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் என்றால் அவர் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவார்.

இதற்கும் முந்தையது 3எம் நிறுவனம் 1975-இல் தொடங்கிய திட்டம். கழிவு உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகாமலே தடுப்பது, அதில் காசும் மிச்சமாக வேண்டும் என்பது நிபந்தனை, பங்கெடுப்பது அவரவர் விருப்பம். பல பத்தாண்டுகள் நீடித்தது. டவ் லூசியானா கதையின் முடிவு அப்படி இல்லை. 1993-இல் நெல்சன் ஓய்வு பெற்றார், போட்டியும் அவரோடு முடிந்துபோனது. ஒரே ஆளை நம்பி நின்றால் இதுதான் நடக்கும். பெயர் தெரியாத கமிட்டியிடம் விட்டால் ஓடாது, ஒருவரிடம் விட்டால் அவரோடு போய்விடும். இரண்டு பேரிடம் கொடுத்து, வருடா வருடம் ஒருவரை மாற்றுவது ஓரளவு சமாளிப்பு.

மறைந்த செலவு இன்னொன்றும் இருக்கிறது. இதில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் முன்னால் வருவார்கள். ஃபிட்டரின் யோசனையை இன்ஜினியர் எழுதித் தன் பெயரில் கொடுப்பதும் நடக்கும். திட்டத்தில் குறைந்தது ஒரு தளத் தொழிலாளியின் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம்.

ஒரு வருடத்துக்குள் பணம் திரும்பவேண்டும் என்ற நிபந்தனையால் நீண்டகாலத் திட்டங்கள் வெளியே போகும். மகிந்திரா அண்ட் மகிந்திரா 2016-இல் தான் வெளியிடும் ஒரு டன் கார்பனுக்கு 10 டாலர் என்று தனக்குத் தானே உள்விலை வைத்துக்கொண்டது இதற்கு ஒரு தீர்வு. அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில திட்டங்கள் தேறிவிடும். நடுத்தர ஆலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், சோலார் மாதிரி பெரியவற்றை முதலாளி தனியாக முடிவெடுத்துக்கொள்ளட்டும்.

## வழி 5: தனி அதிகாரி அல்லது கன்சல்டன்ட்

ஆற்றல் சேமிப்புச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழிக்கும் ஆலைகள் எனர்ஜி மேனேஜரை நியமித்தே ஆக வேண்டும். ஜவுளித் துறையில் அந்த வரம்பு வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றல், பெரும்பாலான நடுத்தர ஆலைகள் அதற்குள் வராது. வராவிட்டாலும் ஒரு தடவை நல்ல எனர்ஜி ஆடிட் செய்வது பணத்துக்குத் தகும். இன்வெர்ட்டர் டிரைவ், பாய்லர் எகானமைஸர், ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன் போன்றவற்றை யோசனைப் பெட்டி கண்டுபிடிக்காது. நஷ்டம் என்னவென்றால் ஆள் வந்த அன்றே மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள், பைப் ஒழுகினாலும் அது அவர் வேலை. கன்சல்டன்ட் ரிப்போர்ட் பீரோவில் தூங்கும் கதை உங்களுக்கே தெரியும்.

பயிற்சி மட்டும் போதுமா என்றும் கேட்கிறார்கள். போதாது. விரயம் என்று தெரியாததால் நடக்கும் விரயம் கொஞ்சம்தான், தெரிந்தே நடப்பதுதான் அதிகம்.

## ஒரே பார்வையில்

| | யோசனைத் திட்டம் | பசுமைக் குழு | போனஸ் இணைப்பு | போட்டியும் நிதியும் | தனி அதிகாரி |
|---|---|---|---|---|---|
| யாரிடமிருந்து யோசனை | தளத் தொழிலாளி | பல டிபார்ட்மென்ட் | மேனேஜர் | மெயின்டனன்ஸ், பொறியாளர் | நிபுணர் |
| முதல் பலன் | சில வாரங்கள் | சில மாதங்கள் | ஒரு வருடம் | ஆறு மாதம் முதல் ஒரு வருடம் | ஆடிட் முடிந்ததும் |
| மீட்டர் தேவை | குறைவு | ஓரளவு | மிக அதிகம் | அதிகம் | அவரே கேட்பார் |
| மறைந்த செலவு | பதில் சொல்லும் நேரம் | ஷிஃப்ட் மணிகள், ஓவர்டைம் | கணக்கை வளைப்பது, ஜாப் ஒர்க்குக்குத் தள்ளுவது | ஒரே ஆளை நம்புவது | மற்றவர்கள் ஒதுங்குவது |
| எப்போது கெடும் | பதில் வராதபோது | ஆபீஸ் ஆட்கள் மட்டும் மிஞ்சும்போது | ஆர்டர் கலவை மாறும்போது | நடத்துபவர் போகும்போது | ரிப்போர்ட்டோடு நிற்கும்போது |

## எதை எடுத்தாலும் மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியது

கேதரின் ரேமஸ், உல்ரிச் ஸ்டேகர் என்ற இருவர் ஐரோப்பாவின் முன்னணி நிறுவனங்களில் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. மேலதிகாரி ஊக்கம் தருகிறார், கம்பெனிக்கும் இதில் நிஜமான அக்கறை இருக்கிறது என்று உணர்ந்த ஊழியர்கள்தான் சுற்றுச்சூழல் யோசனைகளை அதிகம் முயன்று பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். அதில் வேடிக்கை, மற்ற விஷயங்களில் நன்றாக நடத்தும் அதிகாரிகளே சுற்றுச்சூழல் என்று வந்தால் அந்த அளவுக்கு ஆதரவாக இல்லை என்பது. அங்கேயே அப்படி என்றால், மாதக் கடைசி ஷிப்மென்ட் நெருக்கடியில் நம்ம புரொடக்‌ஷன் மேனேஜர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலாளியின் பேச்சை விடச் சூப்பர்வைசரின் முகம்தான் தொழிலாளிக்குச் சேதி. அந்த முகம் மாற வேண்டுமானால் அவருடைய டார்கெட்டில் இடம் விட வேண்டும். நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது சோதனை லாட் ஏற்பாட்டை. ஒரு யோசனையை முயன்று பார்க்கும் லாட்டுக்குத் தனி கார்டு, வேறு கலர். அந்த லாட் கெட்டால் ரீபிராசஸ் செலவு அந்த ஷிஃப்ட் கணக்கில் ஏறாது, முதலாளி ஒதுக்கிய சோதனை நிதியில் ஏறும். ஆபரேட்டருக்கு அன்றைக்குச் சராசரி இன்சென்டிவ் உண்டு. தையலில் பீஸ் ரேட் ஆட்களுக்கும் இதே மாதிரி, சோதனை நாளில் முந்தைய வாரத்துச் சராசரிக் கூலி. ஆரம்பத்தில் சொன்ன அலசல் தண்ணீர் யோசனை எந்தப் பரிசும் இல்லாமலே வெளியே வருவதற்கு இது ஒன்று போதும், முதலில் அடர் ஷேடு லாட்டில் மட்டும் முயன்றால் ஆபத்தும் குறைவு.

முதலாளி அறையில் ஏசி காலை ஒன்பதிலிருந்து ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் பாயிலிருந்து வாட்ச்மேன் வரை அதைத்தான் பார்க்கிறார்கள்.

## அப்படியானால் எது உங்களுக்கு

நூறு பேருக்குள், முதலாளி தினமும் தளத்தில் நடக்கிற ஆலை என்றால் திட்டம் என்று பெயர்கூட வைக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் ஒரு செக்‌ஷனில் நின்று கேளுங்கள், 5,000 ரூபாய் வரை அங்கேயே ஒப்புதல் கொடுங்கள், பெரிதாக இருந்தால் பதினைந்து நாளில் பதில். அதுவே முதல் வழிதான், பெட்டி மட்டும் இல்லை.

முன்னூறு, நானூறு பேர் இருந்து டையிங், பிரிண்டிங், பாய்லர் எல்லாம் ஒரே காம்பவுண்டில் என்றால் குழுவும் ஒதுக்கிய பணமும் சேர்ந்த கலவை. ஷிஃப்ட் நேரத்திலேயே மாதம் இரண்டு கூட்டம், வருடத்துக்கு இத்தனை லட்சம் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு, அதைச் செலவழிக்கும் அதிகாரம் குழுவுக்கே. பணம் இல்லாத குழு பேசிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்பின்னிங் மில்லில் எரிசக்திச் செலவு என்றால் பெரும்பாலும் மின்சாரம்தான், அதிலும் மோட்டார்களும் காற்றும். முதலில் எனர்ஜி ஆடிட், அப்புறம் மெயின்டனன்ஸ் ஆட்களுக்கான போட்டி. பல யூனிட், முறையான மீட்டர், தனி அக்கவுன்ட்ஸ் உள்ள பெரிய குழுமங்கள் மட்டும் போனஸ் பக்கம் போகலாம், அதுவும் ஒரு வருடம் காசோடு இணைக்காமல் அளந்து பார்த்த பிறகு.

கான்ட்ராக்ட் ஆட்கள் பாதிக்கு மேல் என்றால் பரிசு, பாராட்டு எல்லாவற்றிலும் அவர்களுக்கும் சம உரிமை என்று ஏஜென்சியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பணம் ஏஜென்சி வழியாகப் போகக் கூடாது.

கடைசியாக ஒரு நிலைமை, இதில் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம் என்பேன். உங்கள் பட்டறையில் ஏற்கெனவே ரீபிராசஸ் அதிகம் என்றால், திரும்பப் போடும் ஒவ்வொரு லாட்டுக்கும் தண்ணீர், உப்பு, சாயம், நீராவி எல்லாம் மறுபடியும் செலவாகிறது. லேப்பில் சரியாக வரும் ஷேடு மெஷினில் ஏன் வருவதில்லை, தண்ணீரின் தன்மை நாளுக்கு நாள் மாறுகிறதா, எடைபோடும் தராசு சரியா, மாஸ்டர் மாறும்போது ரெசிபி மாறுகிறதா என்று முதலில் அதைப் பாருங்கள். முதல் தடவையிலேயே ஷேடு வரும் லாட் எத்தனை சதவிகிதம் என்று மூன்று மாதம் போர்டில் எழுதிப் போடுங்கள், அது ஓரளவு நிலைத்த பிறகு வந்து இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.